வறண்ட கிணற்றில் அறுபது சால்

— இன்னொரு சால் அக்கா, சீக்கிரம்! தொட்டியில முழங்கால் அளவுதான் நிக்குது. குழாய் தண்ணியை விட்டுக் காத்தைக் குடிச்சா இந்தப் பம்பு அப்படியே நின்னுபோயிடும்!

— நான் பறந்தா ஆச்சுங்களா சாமி? மாடு நடக்கணுமில்ல! நடி, நடி, நடி! டேய் கெம்பா, நடிடா!

— அது என்ன பாஷை?

— கன்னடமுங்க. ஓசூருக்கு அக்கட்ட ஒரு சந்தையில புடிச்ச ஜோடி. ரெண்டுக்கும் தமிழ் வராது. இந்தா, வந்துருச்சு... தள்ளி நில்லுங்க சாமி, கொட்டுது!

— கொட்டட்டும், கொட்டட்டும்! ஒம்பதாவது சால். மாதாவே, இப்பத்தான் பம்பு இருமாம ஓடுது.

— ஹிந்தே, ஹிந்தே! பின்னாடி வாங்கடா! ஏனுங்க சாமி, அங்கிருந்து உங்களுக்குத் தெரியுதுங்களா? கடைசி வூடு. பக்கத்துல ஒரு முருங்கை மரம் நிக்கும். அது எரியுதுங்களா?

— பொகைதான் தெரியுது அக்கா. மரம் தெரியல.

— அந்த வூட்டுக்குள்ளதாங்க என் பொண்ணு மாதம்மா இருக்கறா. புள்ள பொறந்து இன்னிக்கு அஞ்சு நாளு. காய்ச்சலு. சொவத்தைப் புடிச்சுக்கூட எந்திரிக்க முடியாது அவளால.

— பின்பக்கம் வழி இல்லியா?

— பின்னாடி பூரா பாறைங்க. முன்னாடி ஒரே சந்து. பன்னெண்டு வூடும் ஒட்டிக்கிட்டு நிக்குது, கூரை மேலயே நடந்து போயிடலாம். வெல்லம் காச்சுற அடுப்புல இருந்து ஒரு பொறி பறந்துச்சு, மேக்காத்து மீதியைப் பாத்துக்கிச்சு. நான் மூணு தடவ சந்துக்குள்ள நுழைஞ்சேன். பாருங்க, பாதி முடி கருகிப் போச்சு. அப்பத்தான் உங்க நெருப்பணைக்கிற வண்டி மணிச் சத்தம் கேட்டுச்சு.

— எங்க ஆளுங்க இப்ப அந்தச் சந்துக்குள்ளதான் இருக்காங்க. நீங்க தூக்குற தண்ணி, நான் தள்ளுற தண்ணி, ரெண்டும் அவங்களுக்கு முன்னாடி போகுது. அது நிக்காம போனா அவங்க கடைசி வூடு வரைக்கும் போயிடுவாங்க.

— நின்னா?

— நிக்காது. மாட்டை ஓட்டுங்க.

— நடி, நடி! ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. இம்மாம் பெரிய மிஷின் வெச்சிருக்கீங்க. இதைக் கெணத்துல நேரா உட்டா உறியாதா? என் மாட்டை எதுக்கு நம்பிக்கிட்டு?

— இருபத்தி நாலடிக்கு மேல இதால உறிய முடியாது. மெட்ராஸ் துரையே வந்தாலும் அவ்வளவுதான். உங்க கெணத்துல பங்குனி வெயிலுக்குத் தண்ணி நாப்பதடிக்குப் போயிருச்சு. அதனால உங்க மாட்டுக் கவலை சாலைத் தூக்கணும், பம்பு தள்ளணும். ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு வாங்கின, லாரி பின்னால கட்டி இழுத்துட்டு வர்ற பம்பு அக்கா இது. குண்டு வரல. பம்பு தர்மபுரிக்கு வந்துச்சு.

— வந்துச்சே, அது போதும். புண்ணியமாப் போவும். கொட்டுது, தள்ளிக்கங்க!

— பதினொண்ணு. கேட்டீங்களா? மூணு ஊதல்!

— ஐயோ, என்னங்க அது? என்ன ஆச்சு?

— பயப்படாதீங்க. ஒரு ஊதல்னா தண்ணி விடு. ரெண்டுன்னா நிறுத்து. மூணுன்னா இன்னும் வேகமாத் தள்ளு. பித்தளைத் தொப்பி போட்டிருக்காரே, அவர் ஊதுறாரு. எங்க செக்‌ஷன் லீடர். முன்னேறிப் போறாங்கன்னு அர்த்தம்.

— அவர் அதிகாரியா? அதிகாரின்னா நெழல்ல நின்னு கைய நீட்டுவாங்கன்னு நெனச்சேன். அந்தாளு மொதல் ஆளா உள்ள போறாரு!

— எங்க ஆபீசுல அப்படித்தான். அதிகாரி முன்னால. அவருக்கு அடுத்தாப்பல லீடிங் பயர்மேன் கருப்பண்ணன். குழாய் முனையைப் புடிக்க நாலு பேரு. வண்டிக்கு டிரைவர் கிருஷ்ணப்பன். பம்புக்கு நான், சவுரியப்பன். அவனவன் எடத்தை விட்டு அவனவன் நகரக் கூடாது. என் அப்பன் அங்க எரிஞ்சாலும் நான் இந்தத் திருகை விட்டு ஓட முடியாது.

— அது எப்படிங்க முடியும்? நெஞ்சு கேக்குமா?

— கேக்காதுதான். ஆனா நான் ஓடினா அங்க ஏழு வீட்டுக்காரன் அப்பன் சாவான். போன மாசம் ஒரு வைக்கப்போரு தீயில மேலுதடு வெந்து தொங்கிச்சு. அப்பவும் பம்புகிட்டயே நின்னேன். சால் எங்க?

— வருது, வருது. ஹிந்தே!

— சவுரி! டேய் சவுரி! நிறுத்து, நிறுத்து! ரெண்டு ஊதல் காதுல விழல?

— நிறுத்திட்டேன் கருப்பண்ணா, கத்தாத! என்ன ஆச்சு?

— எவனோ பதறிப்போய் மாட்டு வண்டியைக் குழாய் மேல ஏத்திட்டான். இரும்புப் பட்டா போட்ட சக்கரம். ஆறாவது சுருள் கிழிஞ்சு சந்தெல்லாம் குளிச்சிக்கிட்டு இருக்கு. மிச்சம் எத்தனை சுருள் இருக்கு?

— பன்னெண்டு எடுத்தாந்தோம். பதினொண்ணு போட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு.

— அதைக் குடு. அதுவும் கிழிஞ்சா என் வேட்டியைத்தான் சுருட்டி மாட்டணும்.

— அண்ணா, ஏனுங்க அண்ணா! முருங்கை மரத்து வூடு?

— யாரு இது?

— இவங்க கெணறுதான். பொண்ணு அங்க இருக்கு. பச்ச ஒடம்பு.

— எட்டாவது வீட்டுக் கூரையில நிக்குது நெருப்பு, அம்மா. ஒம்பதாவது வீட்டுக் கூரையை நாங்க கொக்கி போட்டுப் பிரிச்சு இழுத்துக்கிட்டு இருக்கோம். நெருப்புக்குத் தாண்ட எடமில்லாம போவணும். சவுரி, தோள் மேல போடு சுருளை. மாட்டினதும் ஒரு ஊதல் வரும்!

— கருப்பண்ணா, இணைப்புல வாஷர் இருக்கான்னு பாத்துக்க! ... போயிட்டான். அக்கா, இப்பத்தான் நமக்கு நேரம். பம்பு நிக்குது, தண்ணி செலவில்ல. தொட்டியை ரொப்பிடுங்க. அழாதீங்க. ஓட்டுங்க.

— அழலீங்க. அழுதா மாடு நின்னுக்கும். நடி, நடி. சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க வண்டி ஊருக்குள்ள போவல. தார் ரோட்டுல இருந்து நேரா என் தோட்டத்துக்குத் திரும்பிச்சு. பின்னாடியே ஓடியாந்தேன். இந்தக் கெணறு இங்க இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— ஊர் ஊரா எந்தக் கெணத்துல, எந்தக் குட்டையில எவ்வளவு தண்ணின்னு ஸ்டேஷன்ல ஒரு புஸ்தகம் இருக்கு. மணிக்குப் பக்கத்துலயே ஆணியில தொங்கும். மணி அடிச்சா அதைத்தான் மொதல்ல எடுப்போம்.

— அதாங்க எனக்குப் புரியல. அந்தப் புஸ்தகத்துல என் கெணறு இருக்கக் கூடாதே.

— ஏன்?

— கார்த்திகை மாசம் ஒருத்தன் வந்தான். காக்கிச் சட்டை, கடா மீசை, கையில புஸ்தகம். கெணத்துல எத்தினி அடி தண்ணின்னு கேட்டான். அதுக்கு முந்தின வருசம் இப்படித்தான் ஒருத்தன் கேட்டுட்டுப் போனானுங்க. ஆறு மாசத்துல சர்க்காருக்கு அளக்குற லெவி நெல்லை ரெண்டு பங்கா ஏத்திட்டாங்க. சண்டைக்காரங்களுக்குச் சோறாம். அதனால ஊரே கூடிப் பேசி வெச்சிருந்தோம். காக்கிச் சட்டை எவன் வந்தாலும் கெணறு வறண்டு போச்சுன்னுதான் சொல்லணும்.

— நீங்களும் சொன்னீங்க.

— ஆமாங்க. சாலைத் தூக்கி வைக்கப்போருக்குள்ள ஒளிச்சேன். மாட்டை அவுத்து அக்கட்ட கட்டினேன். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, சொட்டுத் தண்ணி இல்லீங்கன்னு சாதிச்சேன். கொட்டுது, தள்ளுங்க!

— இருபத்தி நாலு. அப்புறம்?

— அப்பறம் என்ன? பாவம், அந்தாளு பத்து மைலு வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்திருந்தான். வாசலுக்கு வந்தவனைக் கால் கழுவச் சொல்லாம எப்படி அனுப்புறது? ஒரு அண்டா தண்ணி எடுத்தாந்து வெச்சேன். காலைக் கழுவினான், மூஞ்சியைக் கழுவினான், ரெண்டு சொம்பு குடிச்சான், மிச்சத்தைத் தலையில கவுத்துக்கிட்டான். நான் இன்னொரு அண்டா கொண்டாந்து வெச்சேன். எழுதிக்கிட்டுப் போயிட்டான்.

— ம்.

— அவன் வறண்ட கெணறுன்னுதான் எழுதியிருப்பான். இன்னிக்கு நீங்க அதைப் பாத்துட்டு இண்டூர் ஏரிக்குப் போயிருந்தா என் பொண்ணு... சாமி, நான் சொன்ன பொய்யிதான் இன்னிக்கு நெருப்பா வந்திருக்குது. அந்தக் கடவுளு —

— ஊதல்! ஒரு ஊதல்! கடவுளை அப்பறம் பாக்கலாம் அக்கா. தண்ணி விடறேன்!

— விடுங்க, விடுங்க!

— ஏறுது. ஏறுது. மூணு ஊதல். இன்னும் வேகம் கேக்குறாங்க. அக்கா, இப்ப நான் முழுசாத் திருப்பப் போறேன். தொட்டி கடகடன்னு எறங்கும். மாட்டை நிறுத்தவே கூடாது.

— நிறுத்தல! நடி பிளியா, நடி கெம்பா! என் சாமிங்களா, இன்னிக்கு ஒரு நாளு ஓடுங்கடா, நாளைக்குப் பூரா படுத்துக்கங்க!

— முப்பது. முப்பத்தொண்ணு. நல்லா வருது. முப்பத்தி மூணு... பாத்து! தண்ணி செதறி மாடு எறங்குற வாரியெல்லாம் சேறா இருக்கு!

— கெம்பா! ஐயோ, கெம்பன் சறுக்கிட்டான்! முட்டி போட்டுட்டான் சாமி! எந்திரிடா, எந்திரிடா... ரத்தம் வருதே!

— நுகத்தை அவுத்துடுங்க! கழுத்து முறிஞ்சுடும்!

— அவுத்துட்டேன்! ஆனா ஒத்தை மாடு சாலைத் தூக்காதுங்க. தூக்கவே தூக்காது! ஏனுங்க, தொட்டியில எவ்வளவு இருக்குது?

— முழங்காலுக்கு மேல. வேகத்தைக் கொறைக்கறேன். அஞ்சு நிமிஷம் தாங்கும்.

— அஞ்சு நிமிசமா!

— சவுரி! தண்ணி ஏன் கொறையுது? பத்தாவது வீட்டுக்கு வந்துட்டோம், இப்பப் போய் மூத்திரம் மாதிரி விடறியே!

— மாடு விழுந்துடுச்சு கருப்பண்ணா. கவலை நின்னுபோச்சு. கேளு, ஒரு வழி இருக்கு. லாரியைக் கொண்டா.

— லாரியா?

— சால் வடத்தை லாரி முன்னாடி கொக்கியில கட்டுவோம். கிருஷ்ணப்பன் பின்னால எடுத்தா சால் மேல வரும். முன்னால வந்தா கீழ போகும். மாட்டு வாரி அகலம்தான், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் இருக்கு. பாத்துட்டேன்.

— வண்டியை வேற வேலைக்குத் தொடக்கூடாதுன்னு உத்தரவு இருக்குடா. பெட்ரோலும் திரும்பிப் போற அளவுக்குத்தான் இருக்கு. கூப்பன் அடுத்த மாசம்தான்.

— செக்‌ஷன் லீடர் உள்ள இருக்காரு. அவர் இல்லாத எடத்துல உத்தரவு போட வேண்டியது லீடிங் பயர்மேன். நீ சொல்லு. சொல்லலைன்னா நான் பம்பை நிறுத்துறேன்.

— அட போடா! கிருஷ்ணப்பா! ஏய் கிருஷ்ணப்பா! வண்டியை எடு! தர்மபுரி வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனாலும் பரவால்ல, எடுய்யா!

— ஏனுங்க, லாரிக்கு எந்த பாஷை புரியும்?

— கிருஷ்ணப்பனுக்குத் தெலுங்கு வரும். லாரிக்குக் கெட்ட வார்த்தை மட்டும்தான் புரியும். அக்கா, வடத்தைக் கட்டிட்டு நீங்க போங்க. இனிமே இங்க மாடு இல்ல. போய் உங்க பொண்ணைப் பாருங்க.

— நான் போயிட்டா சால் ரொம்பினதை யாரு சொல்றது?

— எட்டிப் பாத்தாத் தெரியாதா?

— நாப்பதடி ஆழத்துல இருட்டுல என்னாங்க தெரியும்? வடத்துல கைய வெச்சுப் பாத்தா எனக்குத் தெரியும். ரொம்பாம தூக்கினா அரைச் சால்தான் வரும். ரொம்பினப்பறமும் கீழ எறக்கினா வடம் தளந்து சிக்கி அந்துரும். நீங்க மேலுதடு வெந்தப்பவும் உங்க எடத்துலயே நின்னீங்க. என் எடம் இது தம்பி. நான் போவ மாட்டேன்.

— தம்பின்னு கூப்பிட்டீங்க.

— கூப்புடுவேன். அந்தாளை மெதுவா வரச் சொல்லுங்க. ஏனுங்க டிரைவரே, முன்னால, முன்னால... போதும்! சால் எறங்கிருச்சு... இருங்க, ரொம்பட்டும்... இப்பப் பின்னால! பின்னால! நடி, நடி!

— லாரிக்கும் அதே நடியா?

— எதுக்கோ ஒண்ணுக்குப் புரியுமில்ல! கொட்டுது பாருங்க! கொட்டுது!

— முப்பத்தி நாலு! மாதாவே, ஒரு பொட்டு சிந்தாம வந்துருச்சு! கருப்பண்ணா, நீ ஓடு! முழு வேகம் தர்றேன்னு சொல்லு!

— சொல்றேன். சவுரி, உனக்கு ராத்திரி சாப்பாடு என் கணக்கு!

— அவன் சொல்றதை நம்பாதீங்க அக்கா, ஒரு வருஷமா இதையே சொல்றான். முப்பத்தி அஞ்சு...

— முன்னால! போதும்! இருங்க... பின்னால!

— நாப்பது.

— தம்பி, பொகை வெளுப்பாத் தெரியுதுங்களே. கருப்பா இருந்துச்சு.

— வெளுத்தா தண்ணி விழுதுன்னு அர்த்தம். ஆவி. நல்லது அக்கா, அது நல்லது. நாப்பத்தி எட்டு.

— முருங்கை மரம்... தெரியுதுங்க! பச்சையா இருக்குது தம்பி! மரம் பச்சையா இருக்குது!

— வடத்தைப் பாருங்க அக்கா, மரத்தைப் பாக்காதீங்க!

— பாக்கறேன், பாக்கறேன். பின்னால!

— அம்பத்தி அஞ்சு. அம்பத்தி ஆறு.

— கடவுளே, கடவுளே. முன்னால!

— அறுபது. இருங்க. ரெண்டு ஊதல். நிறுத்துங்க. கிருஷ்ணப்பா, நிறுத்து!

— நிறுத்தச் சொன்னா என்னங்க அர்த்தம்? தம்பி? குழாய் கிழிஞ்சா ரெண்டு. வேற எதுக்கு ரெண்டு? பேசுங்க தம்பி!

— தெரியல அக்கா. கிழிஞ்சாலும் ரெண்டுதான். அடங்கினாலும் ரெண்டுதான். இருங்க. கருப்பண்ணன் வர்றான்.

— ஓடி வரலியே. நடந்து வர்றாரே. ஏன் நடந்து வர்றாரு?

— கருப்பண்ணா! வாயைத் தொற!

— இருடா, மூச்சு... மூச்சு வாங்குது. அம்மா, உங்க வீட்டு வாசப்படி வரைக்கும் வந்துச்சு. படலு எரிஞ்சு போச்சு. கூரை தப்பிச்சுது. உங்க பொண்ணை ஈரச் சாக்குல போத்தி செக்‌ஷன் லீடர் முதுகுல சுமந்துக்கிட்டு வந்தாரு.

— புள்ள? என் பேரப்புள்ள?

— அவரு பித்தளைத் தொப்பியைக் கழட்டி, ஈரத் துண்டை விரிச்சு, அதுக்குள்ள படுக்க வெச்சு நான் தூக்கிட்டு வந்தேன். நல்லாத் தூங்கிச்சு. வெளிய வந்ததும் முழிச்சு, தொப்பிக்குள்ள மூத்திரம் போயிட்டான். செக்‌ஷன் லீடர் இப்ப தொப்பி இல்லாம நிக்கிறாரு. முருங்கை மரத்தடியில இருக்காங்க, ஊரே சுத்தி நிக்குது.

— ஐயா, உங்க காலு ரெண்டையும்... உங்க காலை...

— அட, எந்திரிங்க அம்மா! என் காலை எதுக்குத் தொடுறீங்க? இவன் பம்புதான். உங்க கெணறுதான்.

— அக்கா, அழுதது போதும். போங்க. போய்ப் புள்ளையைப் பாருங்க.

— போறேன் தம்பி. போறதுக்கு முன்னாடி ஒரு காரியம். அந்தப் புஸ்தகம் வண்டியில இருக்குதுங்களா? அதுல என் கெணத்தை வறண்டதுன்னு எழுதியிருக்கும். இப்பவே அடிச்சுட்டு, தண்ணி இருக்குதுன்னு எழுதுங்க. என் பேரையும் போடுங்க. லெவிக்காரன் வந்து கேட்டா கேக்கட்டும். இனிமே எந்த ஊர்ல நெருப்புப் புடிச்சாலும் இந்தத் தண்ணி உங்களுக்குத்தான்.

— அந்தப் புஸ்தகம் ஸ்டேஷனை விட்டு வெளிய போனா எங்க வண்டியிலதான் போகும் அக்கா. லெவி ஆபீசு பக்கம் அது போனதே இல்ல. நீங்க பயந்ததுக்கு அர்த்தமே இல்ல. போங்க, புள்ள காத்துக்கிட்டு இருக்கு.

— இரு, இரு. வறண்டதுன்னா? யாரு சொன்னது? மணி அடிச்சதும் நான்தானே பக்கத்தைப் புரட்டிக் கத்திப் படிச்சேன்! அதைக் கேட்டுத்தானே கிருஷ்ணப்பன் நேரா இங்க திருப்பினான்!

— கருப்பண்ணா, விடு. வேணாம்.

— என்ன வேணாம்? அம்மா, உங்களுக்குப் படிக்க வருமா?

— வராதுங்க. அந்த மீசைக்காரன் என்ன எழுதினான்?

— மீசைக்காரனா! அந்த மீசையைத்தான் போன மாசம் வைக்கப்போரு தின்னுடுச்சே! இதோ உங்க முன்னாடி மொழுக்குன்னு நிக்கிறானே, இவன்தான் கார்த்திகை மாசம் சைக்கிள்ல சுத்தினவன்.

— தம்பி... நீங்களா?

— அக்கா, அன்னிக்கு நீங்க ஊத்தின தண்ணியில...

— நீ பேசாத. கிருஷ்ணப்பா, வண்டியில இருந்து அந்தப் புஸ்தகத்தை எடு! குடு, நான் படிக்கிறேன். முப்பத்தி ஒண்ணாம் பக்கம், இவன் கையெழுத்து: “ராமக்காள் தோட்டத்துக் கிணறு. தீ என்றால் முதலில் இங்கே போகவும். தண்ணீர் உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுவார், நம்ப வேண்டாம். தாகம் என்று சொன்னால் போதும், அண்டாவோடு ஊற்றுவார்.”